ஜீப்பில் ஏறினால் ஊமையாவது ஏன்?

கேள்வி: ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறுகிறோம். நெருக்கியடித்து 17 பேர். டிரைவர் செல்போனில் பேசிக்கொண்டே வளைவில் திருப்புகிறார். வீட்டில் வாயாடி என்று பேர் வாங்கிய நான், வண்டியில் ஊமையாகிவிடுகிறேன். ஏன்?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: நானும் போடிக்காரன்தான் தாயி. அதே மாதிரி ஜீப்பில் தொங்கிக்கொண்டு போனவன். நானும் வாயைத் திறந்ததில்லை.

1968இல் லட்டானே, டார்லி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாத மாதிரி நடித்த இருவரோடு உட்கார்ந்தவர்களில் சொன்னது 10 சதவீதம்தான். மற்றவர் முகத்தைப் பார்த்து, 'அவங்களே சும்மா இருக்காங்க, பெரிசா ஒண்ணும் இருக்காது' என்று ஒவ்வொருவரும் முடிவுகட்டிக்கொள்கிறார்கள். உங்கள் ஜீப்பிலும் 17 பேரும் உள்ளுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். முகத்தில் மட்டும் தெரியாது. அப்புறம், நாளைக்கு ஜீப்பில் இடம் இல்லை என்று டிரைவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம். அது உளவியல் இல்லை, வயிற்றுப்பாடு.

சாலமன் ஆஷ் என்ற இன்னொரு உளவியலாளர் 1950களில் கோடுகளின் நீளத்தைக் கேட்டு நடத்திய சோதனையில், கூட்டமே தப்பாகச் சொன்னபோது பலர் தெரிந்தே ஒத்து ஊதினார்கள். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு துணை கிடைத்ததும் இப்படி ஒத்து ஊதுவது கால்வாசியாகக் குறைந்தது.

ஆகவே இன்று சாயங்காலமே பக்கத்து சீட்டு அக்காவிடம் பேசிவையுங்கள். நாளைக்கு நீங்கள் "அண்ணே, போனை வைங்க" என்றதும், அவர் "ஆமாண்ணே" என்றால் போதும்.