ஜெர்மனியில் 150 யூரோவுக்குள் மெத்தை

வணக்கம். எடை 78 கிலோ, அளவு 90×200, கையில் 150 யூரோ, கட்டில் வாங்கும்வரை தரையில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தரை மட்டும் வேண்டாம். உடம்பின் ஈரம் கீழிறங்கி, குளிர்ந்த தரையில் பட்டு நீராகத் தேங்கும். ஒரே குளிர்காலத்தில் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்துவிடலாம். பழைய கட்டில் சட்டம் வாங்கலாம், திருகு ஓட்டைகளில் மூட்டைப்பூச்சிக் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மெத்தை வேண்டவே வேண்டாம்.

எச்2, எச்3 என்ற கெட்டித்தன்மைக் குறியை ரொம்ப நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பார்க்க வேண்டியது ‘ரௌம்கெவிஷ்ட்’, அதாவது ஒரு கனமீட்டர் நுரையின் எடை. உங்கள் எடைக்கு 35 கிலோவுக்குக் குறையாத ‘கால்ட்ஷௌம்’ என்ற நுரை மெத்தை எடுங்கள். 40 கிடைத்தால் நல்லது. 25 என்றால் சீக்கிரமே இடுப்புப் பக்கம் குழி விழும், முதுகுவலி அங்கேதான் தொடங்கும். எண் போடாவிட்டால் மெத்தையின் எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள்: 90×200 அளவில் நுரை 16 செ.மீ. உயரம் என்றால் 0.288 கனமீட்டர். 40-க்கு பதினொன்றரை கிலோ வரும், 25-க்கு ஏழு கிலோதான். மெத்தையின் மொத்த எடையிலிருந்து உறையின் எடையைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

உறை கழற்றி 60 டிகிரியில் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். கட்டில் பட்டிகளுக்கு இடையே 4 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, நுரை பிதுங்கும்.

ஆன்லைனில் வாங்குவதே உங்களுக்குப் பாதுகாப்பு. 14 நாளுக்குள் திருப்பலாம். பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கடையில் நேரில் வாங்கினால் சட்டப்படி அந்த உரிமை கிடையாது. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.