பால் பார்க்கும் மெஷின்: நான்கு அளவா, பத்து அளவா?

கேள்வி: சென்னிமலை பக்கத்துக் கிராமத்தில் பால் கொள்முதல் மையம் ஆரம்பிக்கப் போகிறேன். காலையும் மாலையும் சேர்த்து 300 லிட்டர் வரும். மாட்டுப் பாலோடு எருமைப் பாலும் உண்டு. ஈரோட்டில் ஒரு கடையில் இரண்டு மெஷின் காட்டினார்கள். ஒன்று கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) உட்பட நான்கு அளவு சொல்லும். இன்னொன்று பத்து அளவு சொல்லும், விலையும் அதிகம். எதை வாங்கலாம்ங்க? கோளாறு வந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

பதில்: நான்கு அளவு போதும். கொள்முதல் மையங்களில் பரவலாக இருப்பது அல்ட்ராசோனிக் மெஷின். பாலைச் சூடாக்கி, அதற்குள் ஒலி போகும் வேகத்தை வைத்துக் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் சொல்லும். புரதம், லாக்டோஸ், உறைநிலை, கலந்த தண்ணீர் எல்லாம் அதிலிருந்து கணக்குப் போட்டு வருபவைதான். முதல் எண் தப்பினால் மீதியும் தப்பும். யூரியாவோ சர்க்கரையோ போட்டு எஸ்.என்.எஃப்.பை ஏற்றிய பாலை இது காட்டிக்கொடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். அதற்கு ரசாயனச் சோதனை தனியாக இருக்கிறது.

மிச்சமாகும் பணத்தில் கெர்பர் சோதனைச் சாமான் வாங்கிப் போடுங்கள். பியூட்டிரோமீட்டர் என்ற அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. கந்தக அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால் விட்டு, செண்ட்ரிஃப்யூஜ் என்ற வேகமாகச் சுழற்றும் கருவியில் சுற்றினால் கொழுப்பு தனியாகப் பிரிந்து நிற்கும். பழைய முறை, அமிலம் பட்டால் தோல் வெந்துவிடும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆனாலும் மெஷின் சொல்வது சரியா என்று பார்க்க இதுதான் உரைகல்.

பணம் கட்டுவதற்கு முன் மெஷினை உங்கள் ஊருக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். கடையில் பாக்கெட் பாலை ஊற்றிக் காட்டுவதெல்லாம் சோதனையில் சேராது! ஜெர்சி கலப்பு, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, எருமை என்று உங்களுக்கு வரப்போகிற பாலையே மெஷினிலும் கெர்பரிலும் போட்டு ஒப்பிடுங்கள். மாட்டுக்கும் எருமைக்கும் காலிபரேஷன் (மெஷினின் அளவைச் சரிபார்த்துத் திருத்தி வைப்பது) வேறு வேறு. அதை உங்கள் பாலுக்குச் சரிசெய்து தருவது விற்பவர் பொறுப்பு என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். கறந்த சூட்டோடு நுரையுள்ள பாலை வைத்தால் காற்றுக் குமிழியால் ரீடிங் தாறுமாறாக வரும். புளித்த பாலும் அப்படித்தான். லிட்டருக்கு 50 காசு தப்பினாலே 300 லிட்டருக்கு நாளைக்கு 150 ரூபாய், மாதம் 4,500 ரூபாய். அது உங்களுக்கு நஷ்டம், இல்லையென்றால் கறவைக்காரரோடு சண்டை.

அப்புறம் சர்வீஸ். சென்சாருக்கு வாரண்டி உண்டா, ரிப்பேருக்குப் போகும் நாட்களில் மாற்று மெஷின் தருவார்களா என்று கேளுங்கள். தினமும் காரக் கரைசல், கம்பெனி சொல்லும் இடைவெளியில் அமிலக் கரைசல் விட்டுக் கழுவாவிட்டால் உள்ளே பால் படிந்து அடைத்துக்கொள்ளும்; அதற்கு வாரண்டி கேட்டால் கையை விரிப்பார்கள்.

கோர்ட் விஷயம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியிருந்தால் ஆவார். அதனால் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டமான ஈரோட்டு நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். புகாரைப் போனில் சொல்வதோடு விடாமல் எழுத்திலும் அனுப்பி வையுங்கள்.

கேள்வி: காங்கேயம் பக்கம் நான் பால் ஊற்றும் இடத்தில், அதே மாட்டுக்குக் காலையில் கொழுப்பு 3.6, மாலையில் 4.2 காட்டுகிறது. மெஷினில் கோளாறா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. இரவு இடைவெளி நீளம் என்பதால் காலையில் பால் கூடும், கொழுப்பு சதவீதம் குறையும். கடைசியாகக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதைக் கன்றுக்கு விட்டால் இன்னும் இறங்கும். மாட்டுப் பாலுக்கு விதிப்படி வேண்டியது குறைந்தது 3.2 கொழுப்பு, 8.3 எஸ்.என்.எஃப். கொழுப்பில் உங்கள் இரண்டு ரீடிங்குமே தேறுகின்றன. இருந்தும் சந்தேகமென்றால், கேனை நன்றாகக் கலக்கி ஒரே பாலை இரண்டு தடவை வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டி வராவிட்டால் கெர்பரில் பார்க்கச் சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது.