ஷீல்ட் என்ற உளவு அமைப்பைப் பற்றிய மார்வெலின் ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ தொடரில் உங்கள் மனதை அதிகம் தொட்ட உறவு எது?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் இளம் விஞ்ஞானிகளான ஃபிட்ஸ்–சிம்மன்ஸ் ஜோடி என்றுதான் சொல்வார்கள். நான் ஃபிட்ஸும் அவன் நண்பன் மேக்கும் என்பேன். (தொடரை இன்னும் முடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் கீழே வருகின்றன.)

ஃபிட்ஸ்–சிம்மன்ஸ் காதல் எனக்கும் பிடிக்கும். சிம்மன்ஸ் வேற்றுக் கிரகத்தில் 4,722 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட 197 நாள், சிக்கித் தவித்ததைச் சொல்லும் மூன்றாம் சீசன் எபிசோடை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ஆனால் 2013 முதல் 2020 வரை ஏழு சீசன்களிலும் கதை அந்த இருவரையும் பிரித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை வேற்றுக் கிரகம், ஒருமுறை கணினிக்குள் இருக்கும் பொய் உலகம், ஒருமுறை எதிர்காலம். அவர்கள் சேர்ந்தே ஆக வேண்டும் என்று நமக்கு முதலிலிருந்தே தெரியும். மேக் அப்படி இல்லை. ஃபிட்ஸுக்கு அவன் எந்தக் கடனும் பட்டவன் இல்லை.

முதல் சீசன் முடிவில், அதே குழுவில் இருந்த வார்ட் எதிரி அமைப்பான ஹைட்ராவின் ஆள் என்று தெரிந்த பிறகு, ஃபிட்ஸையும் சிம்மன்ஸையும் ஒரு பெட்டிக்குள் வைத்தபடியே கடலில் தள்ளிவிடுகிறான். இருந்தது ஒருவருக்கு மட்டும் போதுமான ஆக்சிஜன். அதை ஃபிட்ஸ் அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். உயிர் பிழைக்கிறான், ஆனால் மூளை பாதிக்கப்படுகிறது. சொல்ல வந்த வார்த்தை வாய்க்கு வராது, கை சொன்னபடி கேட்காது. இரண்டாம் சீசன் தொடங்கும்போது அவன் பக்கத்தில் சிம்மன்ஸ் நிற்கிறாள், அவன் பாதியில் விடும் வாக்கியங்களை முடித்துக் கொடுக்கிறாள். அந்த எபிசோடின் கடைசியில்தான் தெரிகிறது, அவள் எப்போதோ போய்விட்டாள், அவன் பேசிக்கொண்டிருந்தது ஒரு பிரமையோடு என்று. மற்றவர்கள் அவனை அன்போடுதான் நடத்துகிறார்கள், ஆனால் அந்த அன்பில் இரக்கமும் கொஞ்சம் பொறுமையின்மையும் கலந்திருக்கிறது.

அப்போதுதான் மேக் வருகிறான். வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். பழைய ஃபிட்ஸை அவனுக்குத் தெரியாது, அதனால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. தொட்ட பொருளாகவே மாறும் க்ரீல் என்ற எதிரியைத் தடுக்க வழி தேடுகிறார்கள். ‘இதை நான் இன்று கண்டுபிடிக்கவில்லை’ என்று ஃபிட்ஸ் திரும்பத் திரும்பச் சொல்கிறான். கேட்பவர்களுக்கு அது தோல்வியை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது. மேக் மட்டும் நின்று கேட்கிறான். இன்று இல்லை என்றால், முன்பே கண்டுபிடித்துவிட்டான் என்றுதானே அர்த்தம்! பழைய வரைபடங்களில் விடை கிடைக்கிறது.

இந்தக் காட்சி என்னை ஏன் இவ்வளவு பாதித்தது என்று சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்த பிறகு என் அப்பாவுக்குப் பேச்சு தடுமாறியது. அவர் ஒரு வார்த்தைக்குத் திணறினால் நாங்கள் நாலு பேரும் முந்திக்கொண்டு ஆளுக்கொரு வார்த்தை எடுத்துக் கொடுப்போம். உதவி என்றுதான் நினைத்தோம். அவர் முகம் சுருங்கிப் போவதைக் கவனிக்க எனக்குப் பல மாதம் ஆனது. மேக் வார்த்தை எடுத்துக் கொடுப்பதில்லை, வரும்வரை காத்திருக்கிறான்.

சிம்மன்ஸ் திரும்பி வந்த பிறகு, நீ பக்கத்தில் இருந்தால் அவன் இன்னும் தடுமாறுகிறான் என்று அவளிடம் நேராகச் சொல்பவனும் மேக்தான். ஜோடி சேரக் காத்திருந்த ரசிகர்கள் பலருக்கு அந்த இடத்தில் அவன் மேல் கோபம் வந்தது. எனக்கு மரியாதை கூடியது. அவள் விலகிப் போனதற்கும் அதே காரணம்தான் என்று தெரியும்போது இருவர் மேலும் கோபப்பட முடியாமல் போகிறது.

அப்புறம் இது உளவாளிகளின் கதை ஆயிற்றே. ஷீல்டின் தலைவர் கோல்சனுக்கு எதிராகச் செயல்படும் இன்னொரு ஷீல்ட் குழுவுக்கு மேக் ரகசியமாக வேலை செய்தது வெளியே வருகிறது. வார்டின் துரோகத்தை விட இதுதான் எனக்கு வலித்தது. வார்டின் பாசத்தில் எது நடிப்பு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. மேக் காட்டிய நட்பு முழுக்க உண்மை, மறைத்ததும் உண்மை. இரண்டும் ஒரே மனிதனிடம் இருந்தன. அந்த சீசன் கடைசியில் கோல்சனும் மேக்கும் ஃபிட்ஸும் ஒரே அறையில் சேர்ந்து போராடுகிறார்கள். நட்பு எப்படி ஒட்டியது என்பதற்குத் தனியாக ஒரு காட்சி வைத்திருக்கலாம் என்பது என் குறை.

ஐந்தாம் சீசன் முடிவில் இடிபாடுகளுக்குள் ஃபிட்ஸ் கிடக்கிறான். பக்கத்தில் மேக்கும் சக ஏஜென்ட் மேயும். காயம் எவ்வளவு மோசம் என்று தெரியாமல் ஃபிட்ஸ் பேசிக்கொண்டிருக்கிறான், மேக்குக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. அவன் சொல்லாததையும் புரிந்துகொள்ளப் பழகியவன் ஆயிற்றே. அடுத்த சீசனில் திரும்பி வரும் ஃபிட்ஸ், காலப் பயணத்தின் விளைவாக, விண்வெளியில் உறைந்து உறங்கிக்கொண்டிருந்த இன்னொரு ஃபிட்ஸ். அந்தக் கடைசி நிமிடங்கள் அவனுக்கு நடக்கவே இல்லை. அவற்றை மேக்கும் மேயும்தான் சுமக்கிறார்கள்.