கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் பணம்: பிராட்பேண்ட் கேள்வி-பதில்

கேள்வி: 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பு வைத்திருக்கிறோம். 300க்கு மாறினால் இணையப் பக்கங்கள் மூன்று மடங்கு வேகமாகத் திறக்குமா?

பதில்: திறக்காது. ஒரு பக்கம் திறப்பதற்குள் உங்கள் கருவிக்கும் சர்வருக்கும் இடையே சின்னச் சின்னக் கோரிக்கைகள் பலமுறை போய்வருகின்றன. அப்படிப் போய்வர ஆகும் நேரம்தான் லேட்டன்சி. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் பாயும். சர்வர் 5,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒருமுறை போய்வரவே 50 மில்லி நொடி ஆகிவிடும். எவ்வளவு விலையுள்ள பிளான் எடுத்தாலும் இது குறையாது. கூகுளில் பணியாற்றிய மைக் பெல்ஷே 2010இல் சோதித்தபோது, வேகம் 5 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 10 ஆனதற்கே பக்கம் திறக்கும் நேரம் சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. பக்கங்கள் இன்று கனமாகிவிட்டன, உண்மைதான். ஆனாலும் 100க்கு மேல் போனால் வித்தியாசம் தெரிவது அரிது.

கேள்வி: 100 பிளான் என்றார்கள். டவுன்லோட் செய்தால் 12தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு முழு வேகமும் வருகிறது.

கேள்வி: வீட்டில் நான்கு பேர். எவ்வளவு வேகம் போதும்?

பதில்: ஒரே நேரத்தில் நடப்பவற்றைக் கூட்டிப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குப் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ். தெளிவான வீடியோ காலுக்கு 4 இருந்தால் போதும். இரண்டு 4கே படம், இரண்டு கால் என்றால்கூட மொத்தம் 38. ஆக 50இல் சமாளிக்கலாம், 100 தாராளம்.

கேள்வி: மகனுடைய போனிலிருந்து வீடியோக்கள் பேக்கப் ஆகும்போதெல்லாம் என் ஆபீஸ் மீட்டிங் உறைந்துவிடுகிறது. பெரிய பிளானுக்கு மாறவா?

பதில்: அவசரப்படாதீர்கள். பலர் வீணாகப் பணம் கட்டுவது இந்த இடத்தில்தான். கேபிள் டிவி, தொலைபேசிக் கம்பி (டிஎஸ்எல்) வழியாக வரும் இணைப்புகளில் அப்லோட் வேகம் டவுன்லோடில் வெறும் பத்தில் ஒரு பங்காக இருக்கலாம். அதை பேக்கப் முழுவதுமாகப் பிடித்துக்கொள்கிறது. அனுப்ப முடியாத தகவலை மோடமும் ரவுட்டரும் வரிசையில் அடுக்கிக்கொண்டே போகின்றன. உங்கள் குரல் அந்த நீண்ட வரிசையின் கடைசியில் நிற்கிறது. சாதாரணமாக 20 மில்லி நொடியாக இருக்கும் லேட்டன்சி பல நூறாக ஏறிவிடும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். டவுன்லோட் வேகத்தை மட்டும் கூட்டிய பிளான் வாங்கினால் இது அப்படியேதான் இருக்கும்.

எஸ்க்யூஎம் வசதி (இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்வது) உள்ள ரவுட்டரில் வேக வரம்பை, உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வையுங்கள். அந்த 10 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் மீட்டிங் தடையில்லாமல் ஓடும். ரவுட்டரில் அந்த வசதி இல்லையா? பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள். அப்புறமும் பிளானை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் அப்லோட் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த எண்தான் உங்களுக்கு முக்கியம்.

கேள்வி: 1 ஜிபிபிஎஸ் (ஜிகாபிட், அதாவது 1,000 எம்பிபிஎஸ்) எடுத்திருக்கிறேன். ஆனால் படுக்கையறையில் 60, ரவுட்டரில் கேபிள் செருகிய கணினியில் 94.

பதில்: இவை இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். 94இலேயே நிற்கிறது என்றால் கேபிளோ போர்ட்டோ 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்க வேண்டும். ஜிகாபிட் வேகம் தாங்கும் கேட் 5இ கேபிள் போட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். படுக்கையறையில் குறைவதற்குச் சுவர்கள் காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் பலவீனமாகிவிடும். ரவுட்டரை வீட்டின் நடுவே, உயரமாக வையுங்கள். போதவில்லை என்றால் அந்த அறைக்குக் கேபிள் இழுத்து அங்கே வைஃபை தரும் கருவி (அக்சஸ் பாயின்ட்) ஒன்று வையுங்கள். ஒருமுறைச் செலவு அது. பிளானை உயர்த்தினால் மாதாமாதம் கட்ட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ஜிகாபிட் யாருக்குத்தான் வேண்டும்?

பதில்: பெரிய ஃபைல்களோடு வேலை செய்பவர்களுக்கு. 100 ஜிபி கேம் ஒன்று 100 எம்பிபிஎஸ்ஸில் இறங்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜிகாபிட்டில் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வீடியோ எடிட் செய்து அனுப்புபவருக்கு, அப்லோடும் அதே அளவு வேகமாக இருந்தால், அந்தக் கூடுதல் பணம் முழுக்க நியாயமானது. மாதம் ஒரு கேம் இறக்குபவர் கூடுதல் கட்டணத்தை அந்த 2 மணி நேரத்தோடு வைத்துப் பார்க்கட்டும். கையெழுத்திடும் முன், சலுகைக் காலம் முடிந்த பிறகு கட்டணம் எவ்வளவு, டேட்டா வரம்பைத் தாண்டினால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.