ஆந்தை முகம் போட்ட தாத்தாவின் ரிவோல்வர்

‘செத்துப்போன தாத்தாவின் பழைய சின்ன ரிவோல்வர் கிடைத்திருக்கிறது. எந்தக் காலத்தது, என்ன விலை போகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலையை விடுங்கள். இந்நேரம் அதைத் துடைத்து, படம் எடுத்து, இரண்டு மச்சான்மாருக்கு அனுப்பியும் இருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பாயியின் பதினாறாம் நாள் கழிந்து அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். சேலைகளுக்கு அடியில் ஒரு தேயிலை சாம்பிள் டின், அதற்குள் பனியன் துணியில் சுற்றி உள்ளங்கை அளவில் ஒரு ரிவோல்வர். தாத்தா தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர். சம்பளப் பணத்தை பேங்கிலிருந்து காரில் கொண்டுவரும்போது மடியில் வைத்திருப்பாராம். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, சீமைக்குக் கிளம்பிய துரை நினைவாகக் கொடுத்துவிட்டுப் போன வெப்ளி என்ற இங்கிலாந்து ரிவோல்வர் என்பது வீட்டுக் கதை.

நான் லைசன்ஸ் தாளைத் தேடிக்கொண்டிருந்தபோது, அக்காவின் மகன் அதைச் சுவருக்கு நேராகப் பிடித்து இரண்டு தரம் அழுத்திவிட்டான். டிக், டிக். பிறகு பூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டு மெதுவாக மடித்துத் திறந்தேன். குழல் கீழே சாய்ந்ததும் நடுவிலிருந்து ஒரு நட்சத்திரத் தகடு தானாக எழும்பியது. ஐந்து ஓட்டை. நான்கு காலி. ஐந்தாவதில் பச்சை பிடித்த தோட்டா! அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

குழலின் மேல் பட்டியில் எழுத்து தேய்ந்திருந்தது. கோதுமை மாவைத் தேய்த்து டோர்ச்சைச் சரித்து அடித்துப் பார்த்தேன். ஐவர் ஜோன்சன் ஆர்ம்ஸ் அண்ட் சைக்கிள் வேர்க்ஸ், ஃபிட்ச்பர்க், மசசூசெட்ஸ். வெப்ளி பர்மிங்ஹாம் சாமான். இது சைக்கிளும் செய்த ஒரு அமெரிக்கக் கம்பனியின் மலிவுச் சரக்கு. சுடும் அளவு பாயிண்ட் 32, அதாவது ஏறக்குறைய 8 மில்லிமீற்றர். ‘சேஃப்டி ஒட்டோமெட்டிக்’ என்று பெயர், ஆனால் ஒட்டோமெட்டிக் துப்பாக்கி இல்லை. திறந்தால் வெறுங்கூடுகள் தானாக வெளியே வரும், அவ்வளவுதான். 1901இல் அமெரிக்க ஜனாதிபதி மக்கின்லியைச் சுட்டதும் இதே கம்பனியின் பாயிண்ட் 32தான்.

இந்தக் கம்பனி ரிவோல்வரின் பிடியில் ஒரு ஆந்தைத் தலை இருக்கும். அது குழல் பக்கம் பார்த்தால் கரிமருந்து என்ற பழைய கறுப்பு வெடிமருந்துக் காலத்தது. பின்னால், சுடுகிறவரைப் பார்த்தால் 1909க்குப் பிறகு, வேகம் கூடிய புகையில்லா வெடிமருந்துக்காகச் செய்தது. பிடியை யாராவது மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு பிழைக்கும். எங்கள் ஆந்தை குழலைப் பார்த்தது. அப்படிப்பட்டதில் இந்தக் காலத் தோட்டா போட்டால் வெடித்துக் கையோடு போகலாம். சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இதுதான்.

அப்புறம், லைசன்ஸ். இலங்கையின் 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி அது ஆளுக்குக் கொடுப்பது, வருஷா வருஷம் புதுப்பிப்பது. தாத்தாவோடு அது முடிந்தது. வீட்டில் வைத்திருந்தால் குற்றம் உங்கள் மேல்தான். ‘அப்படியென்றால் நீ ஏன் பதினொரு நாள் வைத்திருந்தாய்?’ என்பீர்கள். பயம்தான், வேறொன்றுமில்லை. கடைசியில் பொலிஸுக்குப் போக டின்னோடு பஸ் ஏறினேன். கொண்டக்டர் வாங்கி முன்னால் வைக்கப் பார்த்தார், நான் விடவில்லை. அந்த முட்டாள்தனம் உங்களுக்கு வேண்டாம். கை வைக்காமல் கிராம சேவகரிடமோ பொலிஸிலோ முதலில் சொல்லுங்கள், அவர்களே வந்து எடுக்கட்டும்.

பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் நடந்தார், குறை சொல்லவில்லை. ஆனால் வாக்குமூலம் முழுக்கச் சிங்களம். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் திருத்தம் வந்தது. அன்று அங்கே தமிழில் எழுத ஒருவர் இல்லை. வாசிக்கத் தெரியாத நாலு பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு நண்பனிடம் காட்டினால் தாத்தாவின் பெயரே வேறு யாருடைய பெயராகவோ இருக்கிறது. அடையாள அட்டையில் அப்பாவின் பெயரையும் இப்படித்தான் கெடுத்தார்கள். திருத்த மூன்று வருஷம் அலைந்தோம். இதை உங்கள் கேள்வியில் ஏன் கொட்டுகிறேன் என்று தெரியவில்லை.

சரி, பொலிஸில் ஒப்படைத்த பிறகு இங்கே வந்து எழுதுங்கள், உங்கள் ஆந்தை எந்தப் பக்கம் பார்த்தது என்று.