மறுவீட்டுல சொன்ன ஒத்த வார்த்தை எட்டு மாசமா மண்டைக்குள்ள ஓடுது, என்ன செய்ய டாக்டர்?

கேள்வி: எனக்கு வயசு 48, அம்பாசமுத்திரம் பக்கம். மக கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. மறுநா மறுவீட்டு விருந்துல கடைசி பந்திக்கு தேங்காப்பால் சொதி பத்தல, சம்பந்தியோட அக்கா 'பொண்ணு வீட்டுக்காரவ தேங்காயக் கணக்குப் பாத்துட்டாவ போல'ன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாவ. எட்டு மாசமாச்சு, அதேதான் ஓடுது. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துருது. கோயிலுக்குக்கூட போகப் பிடிக்கல. வீட்டுக்காரவிய 'சவத்த விட்டுத் தள்ளு'ங்காவ, தங்கச்சிக்கு தினமும் போன் போட்டு இதையே பேசுதேன். இது வியாதியா? மாத்திரை போடணுமா?

பதில்: அக்கா, உங்க வீட்டுக்காரவிய நல்ல எண்ணத்துலதான் சொல்லுதாவ, ஆனா அது வேலைக்கு ஆகாது. நெனைக்காத நெனைக்காதன்னா அதுதான் முன்னாடி வந்து நிக்கும். 1987-ல டேனியல் வெக்னர்னு ஒரு அமெரிக்க மனவியல்காரர் காலேஜ் பிள்ளைகள உக்கார வச்சு, வெள்ளைக் கரடிய மட்டும் நெனைக்காதீங்க, மீறி வந்தா மணி அடிங்கன்னு சொன்னாரு, மணி அடிச்சுக்கிட்டே இருந்துது, அப்புறம் 'சரி இப்ப நெனைங்க'ன்னு சொன்னதும் மொதல்லயே நெனைக்கச் சொன்ன பிள்ளைகள விட இந்தப் பிள்ளைகளுக்குத்தான் கரடி கூடுதலா வந்துது. உங்களுக்குக் கரடிக்குப் பதிலா சொதி, அவ்வளவுதான்.

'பாசிட்டிவா இருங்க'ன்னும் நான் சொல்லப் போறதில்ல, எனக்கே அந்தப் பேச்சக் கேட்டா எரிச்சலா வரும். அத்தன பந்தி வயிறார சாப்பிட்டுப் போனது மனசுல நிக்காது, ஒருத்தி சொன்னது நிக்கும். மனுச மூளை நல்லத விட கெட்டதுக்குத்தான் எடை கூடப் போடும், அது உங்க பலவீனம் இல்ல. அதையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கிட்டு இருக்கிறதுதான் ஆளைச் சாய்க்கும். 1989-ல கலிபோர்னியாவுல பெரிய பூகம்பம் வந்துது. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் சூசன் நோலன் ஹோக்செமாங்கிற மனவியல்காரங்க ஸ்டான்போர்டு மாணவர்கள்ட்ட மனசு சரியில்லன்னா என்ன செய்வீங்கன்னு எழுதி வாங்கி வச்சிருந்தாங்க, பூகம்பத்துக்கு அப்புறம் பாத்தா, எதையும் உள்ளுக்குள்ளயே போட்டுக் கொடையுற பழக்கம் உள்ள பிள்ளைகளுக்குத்தான் மனச்சோர்வு கூடுதலா இருந்துது, ஏழு வாரம் கழிச்சும்.

மூணு மணிக்கு முழிச்சு என்ன கேக்கீங்கன்னு கவனிச்சுப் பாருங்க. ஏன் அப்படிச் சொன்னா, எனக்கு மட்டும் ஏன் இப்படி. இந்த 'ஏன்' எத்தன வருசம் கேட்டாலும் பதில் வராது, ஏன்னா பதில் உங்க கையில இல்ல, அந்த அம்மா வாயில இருக்கு, அவங்க மறந்தே போயிருப்பாவ. 'இப்ப என்ன செய்யலாம்'னு கேட்டா ஏதாவது வரும். மகளுக்கு ஒரு போன், இல்ல சம்பந்திய ஒருநா சொதி சாப்பிடக் கூப்பிடுறது, இல்ல ஒண்ணும் செய்யாண்டாம்னு முடிவு பண்ணுறது, அதுவும் ஒரு முடிவுதான்.

இன்னொண்ணு, வெசனத்துக்குன்னு ஒரு நேரம் வைங்க. சிரிக்காதீங்க, நல்லா வேலை செய்யும். சாயந்தரம் அஞ்சு மணிக்கு இருபது நிமிசம், ஒரே எடத்துல உக்காந்து, நோட்டுல எழுதி வெசனப்படுங்க. மத்த நேரத்துல வந்தா ஒத்த வரி குறிச்சு வச்சு அஞ்சு மணிக்குத் தள்ளிருங்க. படுக்குற நேரத்துல மட்டும் வேண்டாம். நேரம் முடிஞ்சதும் வாய்க்கா கரை வரைக்கும் வேகமா நடந்துட்டு வாங்க, வேணும்னா வீட்டுக்காரவியளையும் கூட்டிக்கிட்டு. மூணு மணிக்கு முழிச்சா ரொம்ப நேரம் பெரளாம எந்திச்சு வேற எடத்துல உக்காந்து, தூக்கம் வந்ததும் வந்து படுங்க. தங்கச்சிட்ட பேசுங்க, ஆனா பத்து நிமிசத்துக்கு மேல இந்தப் பேச்சு வேண்டாம், ரெண்டு பேரும் சேந்து கிண்டுனா புண்ணு ஆறாது.

வியாதியான்னு கேட்டீங்க. கொடையுறது பழக்கம்தான், ஆனா விடியுமுன்ன முழிப்பு, கோயிலுக்குப் போகப் பிடிக்கலங்கிறது, இது ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்தாலே மனச்சோர்வான்னு டாக்டர் ஒருதரம் பாக்கணும். உங்களுக்கு எட்டு மாசம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில மனநல ஓபி இருக்கு, கோட்டின்னு சொல்லிருவாவளோன்னு பயப்படாதீங்க, உங்கள மாதிரி தூக்கம் கெட்டவங்களும் அங்க வரத்தான் செய்வாங்க. மாத்திரை தேவையா இல்லையான்னு அவங்க பாத்துச் சொல்லட்டும், குடுத்தா உடனே கேக்காது, ரெண்டு மூணு வாரமாவது ஆகும், நல்லாயிருச்சுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. செத்துரலாம்னு எப்பவாவது தோணுச்சுன்னா ஓபி வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே வீட்ல சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்க. 14416-ங்கிற அரசு மனநல உதவி எண்ணுக்கும் போன் போடலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

போற வழியில தைராய்டு, ரத்தத்துல ஹீமோகுளோபின், பி12 பாத்துக்கிடுங்க, இந்த வயசுல மாதவிடாய் நிக்கிற நேரமும் தூக்கத்தக் கெடுக்கும், அதையும் டாக்டர்ட்ட சொல்லுங்க. தைராய்டு டெஸ்டுக்கு வெறும் வயித்தோட போகணும்னு இல்ல, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டே கெளம்புங்க.