நைஸா அரைச்ச மாவு

சார், வணக்கம். காலேஜ்ல இங்கிலீஷ் லிட்ரேச்சர் முதல் வருஷம் படிக்கிறேன். ஒரு கவிதையைப் பத்தி 'நைஸ்'னு எழுதினதை மேடம் சிவப்பு மையால அடிச்சுட்டாங்க. தேடிப் பார்த்தா அதோட ஒரிஜினல் அர்த்தமே முட்டாளாம். அப்போ எல்லாரும் தப்பாத்தான் பேசுறோமா? எங்க வீட்ல 'நைஸா நழுவிட்டான்'னு வேற சொல்றாங்க, கேட்கவே கூச்சமா இருக்கு. நல்ல டிக்‌ஷனரி ஒண்ணும் சொல்லுங்க.

தம்பி,

டிக்‌ஷனரி உங்க லைப்ரரியிலயே இருக்கும். அந்தக் கூச்சம்னு எழுதினீங்களே, அதுக்குத்தான் இந்த பதில்.

நீங்க தேடினது சரி. லத்தீன்ல 'நெஸ்கியுஸ்'னா ஒண்ணும் அறியாதவன், சயின்ஸுங்கிற வார்த்தைக்கும் வேர் இதுக்குள்ளதான் இருக்கு. பிரெஞ்சு வழியா 1300 வாக்குல இங்கிலீஷுக்கு வந்தப்போ முட்டாள்னுதான் அர்த்தம், அப்புறம் எதையும் லேசுல ஒத்துக்காதவன், மென்மையானது, நுணுக்கமானதுன்னு நகர்ந்து நகர்ந்து 18ஆம் நூற்றாண்டுலதான் 'இனிமையான'ன்னு ஆச்சு. ஆனா ஒரிஜினல் அர்த்தம்தான் உண்மையான அர்த்தம்னு உங்களுக்கு யாரு சொன்னா? நாற்றம்னா ஒரு காலத்துல நறுமணம். இன்னைக்கு பக்கத்து வீட்டம்மாகிட்ட போய் உங்க குழம்பு நாறுதுன்னு சொல்வீங்களா?

எங்கம்மா பள்ளிக்கூடம் போனதில்ல. இடியாப்பத்துக்கு பச்சரிசியை ஊற வெச்சு, நிழல்ல உலர்த்தி, தூக்குல போட்டு என் கையில கொடுத்து 'நைஸா அரைக்கச் சொல்லுடா'ம்பாங்க. மில்லுக்காரரும் 'நைஸா, ரவை பதமா?'ன்னுதான் கேப்பாரு. மாவு வந்ததும் சூடு ஆறுறதுக்குள்ள ஒரு சிட்டிகை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பார்ப்பாங்க, ஒரு குருணை தட்டுப்பட்டாலும் திரும்ப மில்லுக்கு நடக்கணும். காலேஜ் சேர்ந்த வருஷம், சொந்தக்காரங்க முன்னாடி, 'அம்மா, அது நைஸ் இல்ல, ஃபைன்னு சொல்லணும்'னு திருத்தினேன். அதுக்கப்புறம் என் காதுபட அந்த வார்த்தையை அவங்க சொல்லவே இல்ல, 'மைய அரைக்கச் சொல்லு'ன்னு மாத்திக்கிட்டாங்க. பல வருஷம் கழிச்சு 'நைஸ் டிஸ்டிங்க்‌ஷன்'னா இங்கிலீஷ்லயே நுணுக்கமான வித்தியாசம்னு படிச்சப்போ எனக்கு அந்த ரெண்டு விரல்தான் ஞாபகம் வந்துச்சு. அம்மா சொன்னதுல ஒரு தப்பும் இல்ல, நான்தான் அவங்க வாயில இருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்கிட்டேன்.

கூச்சமா இருக்காம்! சத்தமில்லாம, யாருக்கும் தெரியாம, ஆனா சாமர்த்தியமா, இத்தனையும் 'நைஸா நழுவிட்டான்'ல வர்ற அந்த 'நைஸா'வுக்குள்ள இருக்கு. வீட்ல யாரையும் திருத்திராதீங்க, கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

மேடம் அடிச்சது சரிதான். ஜேன் ஆஸ்டினோட 'நார்த்தாங்கர் அபே' நாவல் 1817ல வந்தது, அதுலயே கதாநாயகன் ஹென்றி டில்னி, எதுக்கெடுத்தாலும் பொருந்துற வார்த்தை இதுன்னு சொல்லி கதாநாயகி கேத்தரினைப் பிடிச்சு கிண்டல் பண்றான். அந்தக் கவிதையில எந்த வரி பிடிச்சுது, ஏன் பிடிச்சுதுன்னு எழுதிட்டு மறுபடி கொடுங்க.